கறள் பல்லு

“அப்பா, உங்கட ஒரு படத்திலயும் பல்லு இல்லை.”

மகள் இதைச் சொல்லும்போது நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூட வேலை ஒன்றுக்காகக் கணினியில் கிடந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் படம், அவள் பிறந்த அன்று ஆசுபத்திரியில் எடுத்த படம், அமெரிக்கக் குடியுரிமைச் சத்தியம் செய்துவிட்டுக் கையில் குட்டிக் கொடியோடு நான் நிற்கிற படம். எல்லாவற்றிலும் வாயைப் பூட்டிவைத்த மாதிரித்தான் நிற்கிறேன்.

“கவலையா இருந்தனீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லையம்மா, பழக்கம்” என்றேன்.

பழக்கம் என்றது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. என்னுடைய முன்பல் நாலும் கபில நிறம். பழைய வாளியில் கறள் பிடித்த மாதிரிக் குறுக்குக் கோடுகள், இடையிடையே சோக்குக் கட்டி போல வெள்ளைத் திட்டுகள். வெற்றிலை போடுவதில்லை, சிகரெட் இல்லை, இரண்டு நேரமும் பல்லுத் தீட்டுகிறவன். இருந்தும் அப்படித்தான்.

ஆவணியில் ரொறன்ரோவில் மனுசியின் தமக்கையின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. நான் பெண்ணுக்குச் சித்தப்பா, படத்தில் நிற்காமல் தப்ப முடியாது. “இந்த முறையெண்டாலும் வாயைத் திறந்து சிரியுங்கோ” என்று மகள் சொல்லிப்போட்டாள். மனுசி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை பாமசியில் பல் வெளுக்கிற சாமான்கள் இருக்கிற தட்டுக்கு முன்னால் வண்டிலை நிறுத்திவிட்டுத் தான் மட்டும் சவர்க்காரம் பார்க்கப் போய்விட்டா.

அந்தத் தட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒட்டுகிற பட்டி, பேனை போலத் தடவுகிறது, வாயில் கவ்வுகிற நீல விளக்கு, வெளுக்கும் பற்பசை, கரிப் பற்பசை என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். கரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அப்பாச்சி அடுப்படியில் அள்ளி, உள்ளங்கையில் நசித்து, சுட்டுவிரலால் தீட்டின அதே கரி. இப்போது குழாயில் அடைத்துப் பத்து டொலர். அப்பாச்சியின் பல்லுக் கடைசிக் காலத்தில் தேய்ந்து அரைவாசியாகப் போனது. கரி கறையை உரஞ்சும், எனாமலையும் சேர்த்து உரஞ்சும். பல்லின் உள் நிறத்தை மாற்றுகிற வல்லமை அதற்கு இல்லை.

நான் ஒட்டுகிற பட்டியை எடுத்தேன். நாற்பது டொலருக்குக் கிட்ட வந்தது. ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் வாயைத் திறந்து காட்ட வேண்டுமே.

நாலாம் நாள் கண்ணாடியைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பக்கென்றது. கபிலக் கோடு அப்படியே இருந்தது. சுற்றியிருந்த வெள்ளைத் திட்டுகள் முன்னரைவிடப் பளிச்சென்று தெரிந்தன. முன்பு தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே மங்கல். இப்போது புள்ளி போட்ட கோலம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் மூளை வரைக்கும் கூசியது. மிச்சப் பெட்டியை அலுமாரியின் பின்பக்கம் ஒளித்து வைத்தேன்.

இதில் பட்டி செய்தவனின் பிழை ஒன்றும் இல்லை. என் பல்லில் இருப்பது என்ன கறை என்று தெரியாமல் நான் மருந்து வாங்கினேன். அது தெரிய வர எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது.

*

நான் பிறந்தது வவுனியாவில், செட்டிகுளம் பக்கம் ஒரு சின்ன ஊர். வளவுக்குள் கிணறு இல்லை. நாலு வீட்டுக்கு ஒரு பொதுக்கிணறு. தண்ணீர் தெளிவாக இருக்கும், வாயில் கொஞ்சம் பிசுபிசுக்கும். எங்கள் ஊரில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் என்னைப் போலத்தான் பல்லு. அதனால் அங்கே ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை.

1992இல் படிப்புக்காக என்னைக் கிளாலிக் கடலால் வள்ளத்தில் ஏற்றி யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து வயது. முதல் நாள் வகுப்பில் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். பின் வாங்கிலில் இருந்து ஒருவன், “டேய், கறள் பல்லன்!” என்றான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு என்னுடைய பேர் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. மாமி பாவம், என்னை உட்காரவைத்துக் கோபால் பற்பொடியால் முரசில் இரத்தம் வரத் தீட்டிப் பார்த்தா. “வன்னியில பெடியளுக்குப் பல்லுத் தீட்டப் பழக்கிறேல்லைப் போல” என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு என் அம்மாவை நினைத்துத்தான் வெட்கம் வந்தது. அன்றைக்குப் பூட்டின வாய்.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமமே வெளிக்கிட்டு நடந்தது. அந்தச் சனத்துக்குள் மழையில் நனைந்து நானும் நடந்தேன். அதற்குப் பிறகு வன்னி, கொழும்பு, வேறு சில நாடுகள். அதெல்லாம் வேறு கதை. 1999இல் நியூ ஜேர்சியில் வந்து இறங்கியபோது எனக்குப் பதினேழு வயது.

அமெரிக்காவில் முதன்முதல் என் வாய்க்குள் பார்த்தவர் ஒரு பல் டொக்டர்தான். பல்லு வலித்ததால் அல்ல. நான் பதினேழு என்று சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. கையில் விலங்கோடு கொண்டுபோய்த் தாடையை எக்ஸ்றே எடுத்தார்கள். கடைவாயில் கடைசியாக முளைக்கிற ஞானப்பல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்து வயதைக் கணிப்பது அப்போதைய வழக்கம். என்னைப் பதினெட்டுக்கு மேல் என்று எழுதினார்கள். வளர்ந்த ஆம்பிளைகளோடு ஒரு தடுப்பு முகாமில் அடைத்தார்கள். கச்சேரியிலிருந்து பிறப்புப் பத்திரத்தின் பிரதி வந்து சேர ஐந்து மாதம் எடுத்தது.

ஞானப்பல் ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று வருடம் முன்பின்னாக வளரும் என்பது பல் மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. 2008இல் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் பெயரில் வந்த ஆட்கடத்தல் தடுப்புச் சட்டத்தில்தான், எக்ஸ்றேயை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் வயதை முடிவுகட்டக் கூடாது, வேறு சான்றுகளையும் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். எனக்கு ஒன்பது வருடம் பிந்திய சட்டம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்குப் பிறகு பல் டொக்டர் என்றாலே எனக்கு வயிறு கலக்கும். காப்புறுதி இருந்தும் வருடக்கணக்காகப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் விளக்கைப் பிடித்து என் வாய்க்குள் பார்த்தால், என்னைப் பொய்யன் என்று எழுதப் போகிறார் என்ற பயம்.

*

பட்டி ஒட்டிக் கோலம் போட்ட பிறகு வேறு வழி இல்லாமல், ஓக் ட்ரீ வீதிக்குக் கிட்ட இருக்கிற ஒரு பல் டொக்டரிடம் போனேன். குஜராத்திப் பெண், என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தா. எக்ஸ்றே பற்றி ஒரு கதையும் இல்லை. முதல் கேள்வியே வேறு.

“எட்டு வயது வரைக்கும் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தீர்கள்?”

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறேன். ஊர் என்ன, இயக்கமா, எப்படி வந்தாய், யார் காசு கட்டினது என்று எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். எந்தத் தண்ணீர் குடித்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

சொன்னேன். அவ சிரித்தா. தன்னுடைய ஊர் மேசானா மாவட்டம் என்றும் அங்கே பாதிப் பேருக்கு இதே பல்லு என்றும் சொன்னா. “இது ஊத்தை இல்லை. புளோரைட். தண்ணீரில் இருந்து வந்தது. இதைத் தீட்டி எடுக்க முடியாது.”

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், உங்களில் சிலருக்கு உதவும். எங்கள் நிரந்தரப் பற்களின் எனாமல், அவை முரசுக்கு உள்ளே இருக்கும்போதே, ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். அந்த வருடங்களில் குடிக்கிற தண்ணீரில் புளோரைட் கூடினால் எனாமல் ஒழுங்காக இறுகாது. பல் முளைக்கும்போது வெள்ளைத் திட்டாக வரும், கடுமையாக இருந்தால் பிறகு கபிலமாக மாறும். வளர்ந்த பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லுக்கு இந்தக் கறை வராது. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா போன்ற உலர் வலயப் பகுதிகளில் பல கிணறுகள் இதைத் தாண்டும். நிலத்துக்குக் கீழே இருக்கிற பழைய கருங்கற்பாறைதான் காரணம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். பின் வாங்கில்காரனுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் அந்தப் பாறைதான், வளர்ப்பு அல்ல. என் அம்மாவும் அல்ல.

தமிழ்நாட்டுக்காரருக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி என்றால் விளங்கும். அங்கே இதற்காகவே ஒகேனக்கல்லில் இருந்து காவேரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஜப்பான் கடனோடு கட்டின அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரைட் பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. 2013இல் திறந்தார்கள்.

இதெல்லாம் ஏழை நாட்டு வருத்தம் என்று நினைக்காதையுங்கோ. 1901இல் பிரெடெரிக் மக்கே என்ற இளம் பல் டொக்டர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பல்லெல்லாம் என்னுடைய பல்லு மாதிரி. ஊர்ச்சனம் பன்றி இறைச்சி கூடிப்போச்சு, பால் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னது. கொலராடோக் கபிலக் கறை என்று அதற்குப் பேரே வைத்தார்கள். ரெக்சாஸிலும் இதே பல்லு இருந்தது. மக்கே முப்பது வருடம் துரத்தினார். 1931இல்தான் அலுமினியக் கம்பனி ஒன்றின் இரசாயனவியலாளர் சேர்ச்சில் தண்ணீரைச் சோதித்துப் புளோரைட் என்று கண்டுபிடித்தார்.

இதில் இன்னொரு புதினம். இந்தக் கறைப் பல்லுக்காரருக்குச் சூத்தை குறைவு என்று மக்கே கவனித்தார். அந்தக் கவனிப்பின் தொடர்ச்சியாகத்தான் 1945இல் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரம், உலகத்திலேயே முதன்முதல், குடிதண்ணீரில் அளவாகப் புளோரைட் கலந்தது. இன்றைக்குக் கலக்கிற இடங்களில் அமெரிக்க அரசு சொல்கிற அளவு லீற்றருக்கு 0.7 மில்லிகிராம். அளவோடு இருந்தால் மருந்து, கூடினால் கறை. டொக்டர் என் வாயை முழுக்கப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஒரு சூத்தையும் இல்லை” என்றா. கறள் பல்லன் என்று கூப்பிட்டவனுக்கு இப்போது எத்தனை பல்லு மிச்சமோ தெரியாது. (இது கெட்ட நினைப்புத்தான், மன்னியுங்கோ.)

*

சரி, வெளுக்கிற விசயத்துக்கு வருகிறேன். நான் விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் டொக்டர் இல்லை, பெற்றோல் செற்றில் தொடங்கி இப்போது ஒரு களஞ்சியத்தில் வேலை பார்க்கிறவன்.

பல்லுக் கறை ஒரு சாதி இல்லை. தேத்தண்ணி, கோப்பி, வெற்றிலை, சிகரெட் இவற்றின் கறை பல்லின் மேலே படிகிறது. இதற்கு வெளுக்கிற மருந்துக்கு முதல், ஒருக்கால் பல்லைச் சுத்தம் செய்து பாருங்கள். பெரும்பாலான பல் காப்புறுதிகள் வருடத்தில் இரண்டு தரம் அதற்குக் காசு கட்டும். வெளுக்கிறதுக்குக் கட்டமாட்டார்கள், அது அழகு வேலையாம். பாதிப் பேருக்குச் சுத்தம் செய்வதோடு ஆசை அடங்கிவிடும்.

வயதால் வருகிற மஞ்சளுக்குத்தான் இந்த மருந்துகள் நன்றாக வேலை செய்யும். எல்லாவற்றிலும் சரக்கு ஒன்றுதான், ஹைட்ரஜன் பெரொக்சைட், அல்லது அதை மெல்ல மெல்ல விடுகிற கார்பமைட் பெரொக்சைட். வித்தியாசம் செறிவிலும் நேரத்திலும். டொக்டரின் கதிரையில் இருத்திச் செய்வது 25 முதல் 40 வீதம் வரைக்கும். ஒரு மணித்தியால வேலை, பல நூறு டொலர். மேலே பிடிக்கிற நீல விளக்குப் பெரிதாக ஒன்றும் கூட்டுவதில்லை என்றுதான் பல ஆய்வுகள் சொல்கின்றன. விளக்குக்காகக் கூடக் காசு கொடுக்காதையுங்கோ.

மற்றது, பல்லுக்கு அச்செடுத்துச் செய்த மெல்லிய தட்டில் 10 வீதக் கார்பமைட் ஜெல்லை விட்டு இரவில் போட்டுக்கொண்டு படுப்பது. இது ஹைட்ரஜன் பெரொக்சைட் கணக்கில் 3.5 வீதம் அளவில்தான் வரும். 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் எழுதிய முறை. வாரக்கணக்காகும். ஆனால் கூச்சம் குறைவு, நிறம் நின்று பிடிக்கும். கடைப் பட்டி இந்த இரண்டுக்கும் நடுவில். சாதாரண மஞ்சளுக்கு அதுவே போதும், அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி, எங்கள் ஆட்களிடம் நான் கண்ட மற்றக் கறைகள். சின்ன வயதில் காய்ச்சலுக்கு ரெட்ராசைக்கிளின் கொடுத்த பிள்ளைகளுக்குச் சாம்பல் நிறப் பட்டை வரும். அதற்குத் தட்டு முறையை மாதக்கணக்காகச் செய்ய வேண்டும். அடிபட்டுச் செத்த பல்லுத் தனியாகக் கறுக்கும். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணைக்கு முன்பல் ஒன்று அப்படிக் கறுத்துக் கிடந்தது, சோதனைச் சாவடியில் துவக்குப் பிடியால் வாங்கின அடி. அவர் மூன்று பெட்டி பட்டி ஒட்டி மற்றப் பல்லெல்லாம் வெள்ளையாக்கினார். கறுத்தது இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. அதற்கு வேர்ச் சிகிச்சை செய்து, பல்லுக்கு உள்ளே மருந்து வைத்து வெளுக்க வேண்டும். வெளியே எதை ஒட்டினாலும் சரிவராது. அதே போலப் போட்ட கிரீடம், அடைத்த அடைப்பு, ஒட்டின ஓடு எதுவும் மருந்துக்கு வெளுக்காது. இயற்கைப் பல்லு வெளுத்து அது மட்டும் பழைய நிறத்தில் நிற்கும்.

என்னுடைய புளோரைட் கறைக்கு வேறு வழி. டொக்டர் மூன்று சொன்னா. ஒன்று, மெல்லிய அமிலப் பசையால் எனாமலின் மேற்படையை மயிரிழை அளவு உரஞ்சி எடுத்து, பிறகு தட்டு முறையால் வெளுப்பது. இரண்டாவது, வெள்ளைத் திட்டுக்குள் பிசின் போன்ற ஒன்றை ஊறவிட்டு மறைப்பது. மூன்றாவது, பல்லைச் செதுக்கிப் பீங்கான் ஓடு ஒட்டுவது. மூன்றாவதுக்கு ஒரு பல்லுக்கே ஆயிரம் டொலருக்கு மேல், செதுக்கினால் திரும்பப் பழைய பல்லு கிடையாது. “சூத்தையே இல்லாத பல்லைச் செதுக்க எனக்கு மனமில்லை” என்று அவவே சொன்னா. காசு பார்க்கிற டொக்டர் என்றால் மூன்றாவதில் இருந்துதான் தொடங்கியிருப்பார். நான் முதலாவதைப் பிடித்தேன்.

*

யாரை நம்பிப் போவது என்று கேட்பீர்கள். இதில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு வழக்கு இருக்கிறது. வட கரோலினாவில் பல் டொக்டர்மார் 1990களில் வெளுக்கத் தொடங்கினார்கள். 2003 அளவில் வணிக வளாகங்களில் வேறு ஆட்களும் குறைந்த விலைக்கு வெளுக்கத் தொடங்கினார்கள். மாநிலத்துப் பல் மருத்துவச் சபை, அதில் பெரும்பான்மை தொழில் செய்கிற பல் டொக்டர்மார், குறைந்தது 47 கடிதம் அனுப்பி அவர்களை நிறுத்தச் சொன்னது. மத்திய வர்த்தக ஆணைக்குழு குறுக்கே வந்தது. 2015 மாசி 25ஆம் திகதி ஆறுக்கு மூன்று என்று சபைக்கு எதிராகத் தீர்ப்பு. டொக்டர்மாரின் முறைப்பாடுகளில் மிகச் சிலவே நோயாளிக்கு வரக்கூடிய கெடுதியைப் பற்றியவை, பெரும்பாலானவை மற்றவர்களின் மலிவு விலையைப் பற்றியவை என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது.

ஐரோப்பாவில் வேறு மாதிரி. 2012 ஐப்பசி முடிவில் இருந்து, 0.1 வீதத்துக்கு மேல் 6 வீதம் வரைக்கும் உள்ள மருந்தைப் பல் டொக்டர் மூலமாகத்தான் தொடங்கலாம், பதினெட்டு வயதுக்குக் கீழே இல்லை. அதற்கு மேல் செறிவு தடை. இலண்டனில் இருக்கிற என் மச்சாள் பாமசியில் நான் வாங்கின பட்டியின் பெட்டியைப் பார்த்து, “இதெல்லாம் கடையில விக்கிறாங்களே!” என்றாள்.

என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பிழை விடலாம். வளாகத்துக் கடைக்காரனும் சரி, அவசரக்கார டொக்டரும் சரி, கேட்பது “எவ்வளவு வெள்ளை வேணும்?” என்றுதான். “ஏன் இந்த நிறம்?” என்று கேட்கிற ஆளைத் தேடுங்கள். அந்த ஆளிடம் காசைக் கொடுங்கள்.

*

இனி என் மனதில் கிடக்கிற முக்கியமான விசயம்.

வெள்ளைப் பல்லு ஆசையை அமெரிக்காவின் தலையில் மட்டும் போடக் கூடாது. முல்லை அரும்பு, முத்து என்று எங்கள் ஆட்கள் எப்பவோ பாடிவிட்டார்கள். எல்லா ஊரிலும் அப்படியும் இல்லை. ஜப்பானில் பெரிய இடத்து ஆட்கள் பல்லைக் கறுப்பாக்குவதை அழகென்று வைத்திருந்தார்கள், 1870இல் அரசு பிரபுக்களுக்கு அதைத் தடை செய்யும் வரைக்கும். நிறத்தை அழகென்பதும் அசிங்கம் என்பதும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. அதனால் வெளுக்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். நானே வெளுத்தவன்.

ஆனால் கல்யாணப் பேச்சில் நடக்கிறதைப் பார்த்தால் கோபம் வருகிறது. போன வருடம் ஒரு வீட்டில், வன்னியில் இருந்து வந்த பெண் ஒன்றின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “எல்லாம் நல்லது, பல்லுத்தான் ஊத்தையாக் கிடக்கு” என்றார்கள். அந்தப் பிள்ளை படித்தவள், முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய்த் திரும்பினவள். அவளை ‘வெளுத்துப்போட்டு’ மறுபடி படம் அனுப்பச் சொன்னார்கள். தோலுக்குப் பூசுகிற கிறீமும் பல்லுக்குத் தடவுகிற ஜெல்லும் எங்கள் வீடுகளில் ஒரே அலுமாரியில் இருப்பது தற்செயல் இல்லை. நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். என் வாய்க்குள் இருப்பதும் அதே பல்லுத்தான் என்று அவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டும். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அது ஊத்தை இல்லை. அது தண்ணீர். அந்தப் பிள்ளைக்கு ஓடு ஒட்ட ஆயிரக்கணக்கில் செலவழிக்கச் சொல்கிறவர்கள், அவளுடைய ஊரில் இன்றைக்கும் அதே கிணற்றைக் குடிக்கிற ஐந்து வயதுப் பிள்ளைகளை நினைக்கிறார்களா? இப்போது உலர் வலயத்துப் பல ஊர்களில் தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். இல்லாத இடத்தில் மழைத் தண்ணீர் சேர்க்கிற தொட்டி போதும், மழையில் புளோரைட் பிரச்சினை இல்லை. ஊருக்குக் கோயில் மணி வாங்கிக் கொடுக்கிற எங்கள் சங்கங்கள், ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தொட்டி கட்டிக் கொடுத்தால் ஒரு வகுப்பே வாயைத் திறந்து சிரிக்கும். எட்டு வயதுக்கு முதல் கொடுக்கிற நல்ல தண்ணீருக்கு ஈடான பல் வெளுப்பு உலகத்தில் இல்லை.

*

என்னுடைய பல்லு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இரண்டு தரம் உரஞ்சி, ஆறு கிழமை தட்டுப் போட்டுப் படுத்தேன். மனுசி “குத்துச்சண்டைக்காரன் மாதிரி இருக்கிறியள்” என்று சிரித்தா. கறள் போகவில்லை. வெறும் தேத்தண்ணி நிறம் பால் தேத்தண்ணியாக மாறியது, திட்டுகள் கொஞ்சம் கலந்து போயின. இன்னும் செய்யலாம் என்று டொக்டர் சொன்னா. காணும் என்றேன்.

ரொறன்ரோவில் படம் எடுக்கிற பெடியன் “அங்கிள், சிரியுங்கோ” என்றான். திறந்தேன். படம் வந்ததும் மகள் விரலால் பெருப்பித்துப் பார்த்தாள்.

“அப்பா, இந்தக் கோடு என்ன?”

“அது செட்டிகுளத்துக் கிணறு” என்றேன். முதல் தடவையாக அந்தக் கிணற்றின் கதையை, கிளாலி வள்ளத்தின் கதையை, எக்ஸ்றேயின் கதையை அவளுக்குச் சொன்னேன். சாப்பாட்டுப் பந்தி முடியுமட்டும் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

உங்கள் வீட்டிலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ஒருவர் இருக்கலாம். பிறந்தநாளுக்கு வெளுக்கிற பெட்டி வாங்கிக் கொடுக்க முதல், சின்ன வயதில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.